ஹார்ட்போர்டு நகரில் சீனச் சிறுவர்

சீனச் சமுதாயம் குடும்பத்தை முதன்மையாகக் கொண்டது; அமெரிக்கச் சமுதாயமோ தனிமனிதனை முதன்மையாகக் கொண்டது என்று நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அதுவே முழு உண்மையாகுமா? 1872 முதல் 1881 வரை நடைபெற்ற சீனக் கல்வித் தூதின் வரலாறு இவ்வினாவிற்கு விடை காண நமக்குத் துணைபுரியும்.

இம்முயற்சியின் தந்தை யுங் விங் என்பவர். 1828இல் மக்காவுக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்து, மிஷனெரிமாரிடம் கல்வி பயின்ற இவரை, ஆசிரியர் சாமுவேல் ராபின்ஸ் பிரௌன் 1847இல் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றார். 1852இல் அந்நாட்டுக் குடியுரிமையும் 1854இல் யேலில் பட்டமும் பெற்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதற் சீனர் இவரே. தாம் பெற்ற கல்வி தம் நாட்டிற்கும் கிட்ட வேண்டுமென அவர் பல்லாண்டுகள் உழைத்ததன் பயனாக, லி ஹுங்சாங் முதலிய பெருந்தலைவர்களின் ஆதரவுடன் சீன அரசு இசைந்தது. 1872 முதல் 1875 வரை ஆண்டுதோறும் 30 பேராக, 120 சிறுவர் அனுப்பப்பட்டனர்.

சீனாவில் கல்வியின் நோக்கம் அரசுத் தேர்வில் வென்று குலத்திற்குப் பெருமை சேர்ப்பது. மகன் தனக்கு மட்டும் உரியவன் அல்லன். முன்னோருக்கும் பெற்றோருக்கும் பேரரசருக்கும் கடன்பட்டவன். இச்சிறுவரோ கனெக்டிகட், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் போதகர், ஆசிரியர் முதலியோரின் இல்லங்களில் இருவர் மூவராக வாழ்ந்தனர். குடும்ப ஜெபத்திலும் ஞாயிறு ஆராதனையிலும் பங்குகொண்டனர், பேஸ்பால் ஆடினர், வினா எழுப்பவும் தாமே தெரிந்துகொள்ளவும் கற்றனர். ஹார்ட்போர்டிலிருந்த தூதின் தலைமை இல்லத்திற்கு முறைவைத்துச் சென்று சீன நூல்களையும் பயின்றனர்.

இங்கே முரண்பாடு எழுந்தது. சிலர் கிறிஸ்தவ விசுவாசத்தை நாடினர். சிலர் பின்னலை வெட்டவும் துணிந்தனர். பின்னல், ஆளும் மஞ்சு மரபினருக்குக் காட்டும் கீழ்ப்படிதலின் அடையாளம். அமெரிக்கப் போதகருக்கு மனந்திரும்புதல் ஓர் ஆத்துமாவின் தனித்தீர்மானம். சீன அதிகாரிக்கோ, முன்னோர் முன் வணங்க மறுப்பவன் குடும்பத்தைத் துறந்தவன். பிள்ளைகள் அந்நியராகிவிட்டனர் என்ற முறையீடு தாயகத்திற்கு எட்டியது.

ஆனால், தனிமனிதனைப் போற்றிய நாடு இவர்களைத் தனித்தனி மனிதராகக் கண்டதா? அரசுக் கல்விக்கூடங்களில் சீனர் பயிலும் உரிமையை 1868ஆம் ஆண்டின் பர்லிங்கேம் உடன்படிக்கை வாக்களித்திருந்தது. எனினும், இம்மாணவரைப் படைத்துறைக் கல்லூரிகளில் சேர்க்கச் சீன அரசு வேண்டியபோது அமெரிக்க அரசு மறுத்தது. ஹார்ட்போர்டு போதகர் ஜோசப் டுவிச்சலும் எழுத்தாளர் மார்க் ட்வைனும் முன்னாள் குடியரசுத் தலைவர் கிராண்ட்டை அணுகினர். அவரும் லி ஹுங்சாங்குக்கு எழுதினார். ஆயினும் 1881இல் தூது திரும்ப அழைக்கப்பட்டது. மறு ஆண்டே சீனத் தொழிலாளரின் வருகையைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிற்று; 1943 வரை அவ்விலக்கு நீடித்தது. யுங் விங்கின் குடியுரிமையும் 1898இல் மறுக்கப்பட்டது. மனச்சாட்சியின் சுதந்தரத்தைப் போதித்த சமுதாயம், இனத்தைக் கொண்டே மனிதனை அளந்தது.

தாயகம் திரும்பியோரைச் சீன அதிகாரிகள் காவலில் வைத்து ஐயத்துடன் நோக்கினர். எனினும் இவர்களுள் ஒருவரான சான் தியென்யூ, அந்நியப் பொறியாளரின் துணையின்றி 1909இல் பெய்ஜிங்–சாங்ஜியாகோ இருப்புப்பாதையை அமைத்து முடித்தார். டாங் சாவோயி 1912இல் சீனக் குடியரசின் முதற் பிரதமரானார். தம்மை மறந்தவர் எனத் தாயகம் பழித்த பிள்ளைகளே அதற்குத் தொண்டாற்றினர்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? ஒரு சமுதாயத்தின் இலட்சியத்தை மற்றொன்றின் நடைமுறையோடு ஒப்பிடுதல் நீதியன்று. இலட்சியத்தை இலட்சியத்தோடும், நடைமுறையை நடைமுறையோடும் வைத்து நோக்கவேண்டும். சபையைப் பேணும் நாம் மற்றொன்றையும் மறத்தலாகாது. ஓர் இளைஞனின் விசுவாசத் தீர்மானத்தைக் கண்டு மகிழும்போது, அவன் விட்டுவந்த வீட்டில் மகனுக்காக ஏங்கும் தந்தையும் ஒருவர் உண்டு. அவருடைய துயரத்திற்கு நம் ஊழியத்தில் இடமுண்டா என்பதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக.