தவறணையும் சட்டமும்

தவறணை என்ற சொல்லை நமக்குத் தந்தவர்கள் போர்த்துக்கேயர். அதற்குச் சட்டம் தந்தவர்கள் ஆங்கிலேயர்.

இங்கிலாந்தின் 1872ஆம் ஆண்டுச் சட்டம், வெறியில் இருப்பவனுக்கு மேலும் மது விற்பதைக் குற்றமாக்கியது. குடித்தவனோடு ஊற்றிக் கொடுத்தவனும் பொறுப்பாளியானான். அதே ஆங்கிலேயர் இலங்கையில் தவறணைகளை ஏலத்தில் குத்தகைக்கு விட்டனர். பெருந்தொகை கட்டிய குத்தகைக்காரர், தள்ளாடி வருபவனிடம் "போதும், வீட்டுக்குப் போ" என்று சொல்வாரா?

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் மதுவொழிப்பு இயக்கம் கிளர்ந்தது. பின்னர், தவறணை வேண்டுமா என்பதை ஊரவரே வாக்களித்துத் தீர்மானிக்கும் முறை வந்தது. 1920களில் குடாநாட்டு மக்கள் அதைப் பயன்படுத்திப் பல தவறணைகளை மூடினர். 1927 நவம்பரில் மாணவர் காங்கிரஸின் அழைப்பில் வந்த காந்தியடிகளும் இங்கு மதுவிலக்கை வலியுறுத்தினார்.

குடியால் நொந்த குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் பனைக்குப் பூட்டு இல்லை. தவறணை மூடிய ஊரிலும் பனங்கூடலில் பிளாவில் கள்ளு வார்க்கப்பட்டது. அனுமதிப்பத்திரம் இல்லாத இடத்தில், அளவு மீறி வார்த்தவனைக் கேட்கச் சட்டத்துக்கு வழியில்லை. சாதியால் ஒடுக்கப்பட்ட சீவல் தொழிலாளரின் பிழைப்போ குற்றமாயிற்று. மரவரி முறையும் 1970களில் வளர்ந்த கூட்டுறவுச் சங்கங்களுமே அவர்களின் தொழிலுக்கு மீண்டும் சட்டத்தின் நிழலைத் தந்தன.

விற்பவனின் பொறுப்பைப் பிறநாடுகள் மேலும் இறுக்கின. கனடாவின் ஒன்ராறியோவில் ஒரு விடுதி, அளவுக்கு மீறிக் குடிப்பவர் எனத் தான் நன்கறிந்த வாடிக்கையாளருக்கு மது கொடுத்து, பின் இருண்ட நெடுஞ்சாலையில் வெளியேற்றியது. அவர் வாகனத்தில் அடிபட்டார். நட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு விடுதியே பொறுப்பு என்று 1973இல் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, மதுப் போத்தல் விற்கும் மூலைக்கடைக்காரரும் வெறியில் வருபவருக்கு விற்கக்கூடாது. இலண்டனில் கடை நடத்தும் நம்மவர் பலருக்கு இது நாளாந்தச் சங்கடம்.

இலங்கையின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்கு உட்பட்டோருக்கு மது விற்பதைத் தடுக்கிறது. வயதை அடையாள அட்டை சொல்லும். வெறியை விற்பவனின் மனச்சாட்சியே சொல்ல வேண்டும்.

2009க்குப் பின் வடக்கில் பெருகிய மதுச்சாலைகள் மக்களின் எதிர்ப்பைத் தேடிக்கொண்டன. 2024 டிசம்பரில் அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டபோதும், யாருக்கு, எத்தனை என்பதே பேச்சாயிருந்தது. அவசியமான கேள்விதான். ஆனால் நூறாண்டுகளாக நாம் கடையின் கதவைப் பற்றியே வாதிடுகிறோம். கதவுக்குள்ளே ஐந்தாவது கிளாசை ஊற்றும் கையை யார் தடுப்பது என்பதையும் மதுவரித் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். அந்தக் கிளாசின் விலையை வீட்டில் காத்திருப்பவர்களே கொடுக்கிறார்கள்.