சூடாகும் தண்ணீர்... திணறும் சால்மன்! ஆற்றுக்குள் என்னதான் நடக்கிறது?

சுஷி வீடியோ, ஃபிட்னஸ் டயட், ஒமேகா-3 மாத்திரை... சால்மன் என்ற பெயர் நம்ம போனில் அடிக்கடி கண்ணில் படும். (நம்ம ஊர் மீன் கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று விற்பது காலா மீன். அது வேறு குடும்பம், இது வேறு குடும்பம்.) ஒரிஜினல் சால்மன், வட அட்லாண்டிக், வட பசிபிக் பக்கத்துக் குளிர்ந்த தண்ணீரில் வாழும் மீன். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடும் நேரத்தில் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். அந்த ஆறும் கடலும்தான் இப்போது சூடாகிக்கொண்டிருக்கின்றன.

'சூடு தாங்காமல் மீன்கள் செத்து மிதந்தன' என்று செய்திகளில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால், அந்தச் சூடு பல சமயம் 20, 22 டிகிரி செல்சியஸ்தான். நமக்கு அது ஏ.சி. ரூம்! அந்தத் தண்ணீரில் மீன் ஒன்றும் வெந்துபோகாது. அப்புறம் எப்படிச் சாகிறது? விஷயம் மூச்சில் இருக்கிறது.

வரவு குறையும், செலவு கூடும்

வெயிலில் கிடந்த சோடா பாட்டிலைத் திறந்தால், கேஸ் எல்லாம் பொங்கி வெளியே ஓடிவிடும். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் வாயு தங்காது. ஆக்சிஜனுக்கும் இதே கதைதான். 10 டிகிரியில் இருக்கும் ஆற்றுத் தண்ணீர், லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்திருக்கும். அதுவே 20 டிகிரி ஆனால், 9 மில்லிகிராம். கடல் தண்ணீரில் உப்பு இருப்பதால் இன்னும் குறைவு. நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 280 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால், மீன் எப்போதுமே சில்லறைக் காசில் குடும்பம் நடத்தும் ஜீவன்.

11-லிருந்து 9... இதெல்லாம் ஒரு வித்தியாசமா என்று தோன்றலாம். சிக்கல் செலவுப் பக்கம் இருக்கிறது. மீனின் உடல் வெப்பம் நமக்கு இருப்பதுபோல நிலையானது கிடையாது. தண்ணீர் சூடானால் உடம்பும் சூடாகும். உள்ளே நடக்கும் எல்லா வேலையும் வேகமெடுக்கும். சும்மா இருப்பதற்கே கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். அதுபோக நீந்துவதற்கு, தின்றதைச் செரிப்பதற்கு, நோயை எதிர்ப்பதற்கு என்று தனித்தனிச் செலவு. வரவு குறைந்து அடிப்படைச் செலவு ஏறினால், மற்றதுக்கெல்லாம் என்ன மிஞ்சும்? அதிலும் ஊர் திரும்பும் சால்மன் ஆற்றுக்குள் வந்ததும் சாப்பிடுவதையே நிறுத்திவிடும். கடலில் சேர்த்துவைத்த கொழுப்பை எரித்துத்தான் மொத்த எதிர்நீச்சலும்.

கடைசி வரிசையில் இதயம்

சால்மனின் இதயத்துக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் தனி ரத்தக்குழாய். உள்பக்கம் ஸ்பான்ஜ் மாதிரி இருக்கும் தசைக்கு, உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் ரத்தத்தில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன்தான் சாப்பாடு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியில் ஒட்டியிருப்பதைச் சாப்பிடுகிற அம்மா மாதிரி. சூடான தண்ணீரில் எதிர்நீச்சல் போடும்போது, நீந்தும் தசைகள் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்கின்றன. இதயத்துக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. துடிப்பு ஓர் எல்லை வரை கூடும். அதற்கு மேல் ஏறாது. அப்புறம் தடுமாறும்.

கனடாவின் ஃப்ரேஸர் ஆற்றில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே ஆறு, ஒரே சாக்கை சால்மன் இனம்தான். ஆனால், கடினமான பாதையில் நெடுந்தூரம் ஏறிப்போகும் கூட்டங்களுக்கு இதயம் பெரிதாகவும், அதற்கான ரத்த ஓட்டம் சிறப்பாகவும் இருக்கிறது. சில்கோ ஏரிக்குப் போகும் கூட்டம் சூட்டை மற்றவற்றைவிட நன்றாகவே தாங்குகிறது. பல தலைமுறைகளாக அந்தப் பாதை கொடுத்த உடம்பு அது. மற்ற கூட்டங்கள் நான்கைந்து கோடைகளுக்குள் அப்படி மாறிவிட முடியாது.

இன்னொன்று. இந்தச் சூட்டில் ஆண் மீன்களைவிடப் பெண் மீன்கள் அதிகம் சாகின்றன. வயிறு நிறைய முட்டைகளோடு வழியிலேயே போய்விடுகின்றன. ஒரு மீனோடு ஆயிரக்கணக்கான முட்டைகள் போகின்றன. எண்ணிக்கையில் 'ஒன்று' என்றுதான் எழுதுவார்கள்.

2015 கோடையில் அமெரிக்காவின் கொலம்பியா ஆறு ஜூன் மாதமே 20 டிகிரியைத் தாண்டியது. கடலிலிருந்து ஏறி வந்த சாக்கை மீன்களில் சுமார் 2.5 லட்சம், முட்டையிடும் இடத்தை எட்டாமலே செத்தன. வந்ததில் ஏறக்குறைய பாதி! தப்பிக்க வழியே இல்லையா? உண்டு. குளிர்ந்த சிற்றாறுகள் வந்து கலக்கும் இடங்களில் மீன்கள் ஒதுங்கி நிற்கும், நாம் மர நிழலில் நிற்பதுபோல. ஆனால், அப்படி நெருக்கிக்கொண்டு நிற்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது.

செவுளைத் தின்னும் நோய்

2002 செப்டம்பர். கலிஃபோர்னியாவின் கிளாமத் ஆறு. வறட்சி ஒரு பக்கம். மேலே பாசனத்துக்குத் தண்ணீர் திருப்பிவிடப்பட்டது இன்னொரு பக்கம். ஓட்டம் குறைந்து, தண்ணீர் சூடாகி, ஏறி வந்த சால்மன்கள் முகத்துவாரத்துக்குப் பக்கத்திலேயே கூட்டமாகத் தேங்கின. அப்போது இரண்டு நோய்கள் பரவின. ஒன்று 'இக்' எனப்படும் வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி (வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்). இன்னொன்று, காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். சூடான தண்ணீரும் நெரிசலும் இரண்டுக்குமே வசதி.

இரண்டும் தாக்கும் முக்கிய இடம், செவுள். மீனின் மூச்சே அதுதான். ஏற்கெனவே ஆக்சிஜன் போதாமல் தவிக்கும் மீனுக்கு, இருப்பதை இழுத்துக்கொள்ளும் உறுப்பும் அழுகிப்போகிறது. சில நாள்களில் குறைந்தது 34,000 மீன்கள் செத்து ஒதுங்கின. அந்த ஆற்றையும் சால்மனையும் நம்பியே வாழ்ந்து வந்த யூரோக் பழங்குடி மக்கள் அதைக் கரையில் நின்று பார்த்தார்கள். சாவுக்குக் காரணம் சூடா, நோயா என்று பிரித்துக் கேட்பதில் பெரிய அர்த்தமில்லை. ஒன்று இன்னொன்றுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

கூழாங்கல்லுக்குள் முட்டை

பெரிய மீனாவது நீந்தி ஒதுங்கலாம். முட்டை என்ன செய்யும்? சால்மன், ஆற்றடியில் கூழாங்கற்களைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். கல் இடுக்கில் கசிந்து ஓடும் தண்ணீர்தான் முட்டைக்கு ஆக்சிஜன் கொண்டுவர வேண்டும். கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்றில், ஷாஸ்டா அணைக்குக் கீழே குளிர்கால சினூக் என்ற வகை, பெயருக்கு நேர்மாறாக, நல்ல கோடையில் முட்டையிடும். 2014, 2015 வறட்சியில் அணையில் குளிர்ந்த தண்ணீர் போதவில்லை. அந்த முட்டைகளும் குஞ்சுகளும் கிட்டத்தட்ட மொத்தமாகவே அழிந்தன.

ஆய்வகத்தில் அதே சூட்டைத் தாங்கிய முட்டைகள், ஆற்றில் ஏன் சாகின்றன? ஆய்வகத்தில் முட்டைக்கு மேல் தண்ணீர் வேகமாக ஓடுகிறது. கல்லுக்கடியில் மெதுவாகக் கசிகிறது. ஆக்சிஜன் வந்துசேரும் வேகம் குறைவு என்பதால், ஆற்று முட்டை தாங்கும் வெப்பம் ஆய்வகத்தைவிடச் சுமார் 3 டிகிரி குறைகிறது. 'இவ்வளவு டிகிரி வரை பாதுகாப்பு' என்று ஆய்வகத்தை மட்டும் வைத்துக் கோடு போட்டால், ஆற்றில் முட்டை சாகும்.

கூண்டுக்குள் ஓட இடமில்லை

சூப்பர் மார்க்கெட் அலமாரிக்கு வரும் அட்லாண்டிக் சால்மன் பெரும்பாலும் பண்ணை மீன். கடலில் வலைக்கூண்டு கட்டி வளர்க்கிறார்கள். மேல்தண்ணீர் சூடானால் மீன்கள் கீழே போய் அடைந்துகொள்ளும். எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கினால், அங்கே இருக்கிற ஆக்சிஜனும் தீரும். 2019 கோடையின் இறுதியில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கூண்டுகளில் 26 லட்சம் மீன்கள் செத்தன. நீடித்த சூடும் குறைந்த ஆக்சிஜனும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன.

ஆக்சிஜன் குறையும் நாள்களில் பண்ணைக்காரர்கள் முதலில் செய்வது, தீனியை நிறுத்துவது. செரிமானத்துக்கும் ஆக்சிஜன் செலவாகும், இல்லையா? கூண்டுக்குள் காற்றுக் குமிழிகள் விடுவதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் செவுளில் ஒட்டும் அமீபா நோய்க்கு, கடல் மீனைப் பிடித்து நன்னீரில் குளிப்பாட்டுகிறார்கள். அதே டாஸ்மேனியாவின் மெக்குவாரி துறைமுகத்தில், பண்ணைக் கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களும் ஆக்சிஜனைத் தின்றதால், ஆழத்தில் அது குறைந்துபோனது. அங்கே வாழும் மாஜியன் ஸ்கேட் என்ற அரிய திருக்கை இன மீனும் சேர்ந்து திணறுகிறது. அதற்காகத் தண்ணீருக்குள் ஆக்சிஜன் செலுத்திப் பார்க்கும் முயற்சியும் நடக்கிறது. ஒரு துறைமுகத்துக்கே சிலிண்டர் வைக்கும் நிலைமை!

ஆற்றில் இதைவிட எளிய வழிகள் இருக்கின்றன. கரையில் மரம் நட்டு நிழல் கொடுப்பது, கோடையில் ஓட்டத்தை விட்டுவைப்பது, அணையின் அடியாழத்துக் குளிர்ந்த தண்ணீரைத் திறப்பது. சில இடங்களில் அணையையே எடுத்துவிடுவது. தேங்கி நிற்கும் நீர்தான் வெயிலில் சூடாகிப் பாசி பிடிக்கிறது. கிளாமத் ஆற்றில் யூரோக் உள்ளிட்ட பழங்குடிகள் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக, 2023, 2024-ல் நான்கு அணைகள் இடிக்கப்பட்டன. கடைசி அணையின் வேலை முடிந்த சில வாரங்களிலேயே, 2024 அக்டோபரில், அணைகள் இருந்த இடங்களைத் தாண்டி ஓரிகன் மாநிலத்துக் கிளையாறு ஒன்றில் சினூக் சால்மன்களைப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் சால்மன் ஏறி வந்தது, 1912-க்குப் பிறகு அதுதான் முதல்முறை.