சாவி வைத்திருப்பவர் சொந்தக்காரர் அல்ல

சேது யாத்திரை போகிறவர்கள் முதலில் உப்பூர் வெயிலுகந்த விநாயகரை வணங்குவது வழக்கம். இந்தச் சீமையில் சேதுபதி மன்னர்கள் கோயில்களுக்கு நிலமும் வழிப்போக்கர்களுக்குச் சத்திரமும் கொடுத்தார்கள். சரி, கொடுத்தவர் காலத்துக்குப் பிறகு அந்தச் சொத்துகளை யார் பார்த்துக்கொள்வது?

1817-ல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. கோயில், மசூதி, சத்திர மானியங்களின் வருமானம் அந்தந்தக் காரியத்துக்கே செலவாக வேண்டும் என்றது. கண்காணிக்கும் வேலை ரெவின்யூ போர்டுக்கு. 1863-ல் கோயில், மசூதிப் பொறுப்பு தர்மகர்த்தாக்களிடமும் கமிட்டிகளிடமும் போனது.

1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் 34-ஆம் பிரிவில் இன்னும் கறாராகச் சொன்னது: கோயில் நிலத்தை விற்கவோ 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையர் அனுமதி வேண்டும். அதனால் கோயிலுக்கு நன்மை இருக்க வேண்டும். இல்லையென்றால் செல்லாது.

பிறர் சொத்தைப் பராமரிக்கும் இன்றைய நிறுவனங்களுக்கும் இதுவே முதல் பாடம்.