வடமராட்சியில் மூன்று பாடசாலைகள்

எங்கள் பகுதியில் சிறந்த பாடசாலை எது என்ற வினா எழாத வீடு நம் நாட்டில் இல்லை. பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் காலத்தில் இவ்வினா தெருமுனைகளிலும் கோயில் வீதிகளிலும் விவாதமாகவே வளர்ந்துவிடும். எத்தனை மாணவர் சித்தியெய்தினர், எத்தனை பேர் பல்கலைக்கழகம் புகுந்தனர் என்பனவே அங்கு அளவுகோல்கள். வரலாற்றை நோக்குவோர்க்கு வேறோர் அளவுகோலும் தென்படும். அப்பாடசாலை எவருக்காகத் திறக்கப்பட்டது என்பதே அது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள வடமராட்சியிலே, துவிச்சக்கர வண்டியில் அரைநாளிற் சுற்றிவரக்கூடிய தூரத்தில் அமைந்த மூன்று பாடசாலைகளை இவ்வளவுகோல் கொண்டு ஒப்புநோக்குவோம்.

முதலாவது, பருத்தித்துறைப் பட்டினத்திலுள்ள ஹாட்லிக் கல்லூரி. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியாரால் 1838 ஆம் ஆண்டில் இது நிறுவப்பெற்றது. அச்சங்கத்தின் செயலாளராயிருந்த மார்ஷல் ஹாட்லி என்பாரின் பெயர் 1916 இல் இதற்குச் சூட்டப்பட்டது. மதம் பரப்புதல் மிஷனரிமாரின் நோக்கம்; ஆங்கிலம் பயின்று உத்தியோகம் பெறுதல் பெற்றோரின் நோக்கம். இவ்விரு நோக்கங்களும் ஒரே கூரையின்கீழ்ச் சந்தித்தன. காலப்போக்கில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இக்கல்லூரி பெயர்பெற்று விளங்கியது. கேம்பிரிட்ஜிலே அறிஞர் டிராக்கிடம் ஆராய்ச்சி பயின்று, பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராய் அமர்ந்த கி. ஜெ. எலியேசர் இங்கு கற்றவரே.

இரண்டாவது, வல்வெட்டித்துறைச் சிதம்பராக் கல்லூரி. 1896 இல் தோன்றிய இது கடலோடிகளும் வணிகரும் நிறைந்த ஊரின் பாடசாலை. அவ்வூரிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகம்வரை சென்று சேர்ந்தது. கடல்கடந்த தொடர்புடைய இம்மக்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் வேண்டியிருந்தன. தம் சைவத்தை விட்டுக்கொடுக்கவும் அவர்கள் ஒருப்படவில்லை. இதற்கு வழிகாட்டியவர் ஆறுமுக நாவலர். அவர் பேர்சிவல் பாதிரியாரின் மாணாக்கர். விவிலிய மொழிபெயர்ப்பில் அவருக்கு உதவியவர். மிஷன் பாடசாலையின் ஒழுங்கையும் அச்சியந்திரத்தின் வலிமையையும் அருகிருந்து கண்ட நாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். பருத்தித்துறையிற் பாடசாலை கண்ட பாதிரியாரின் மாணவரே, பிற்காலத்துச் சைவப் பாடசாலைகள் யாவற்றுக்கும் முன்மாதிரியை அமைத்தார் என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

எனினும் சைவப் பாடசாலையின் வாயிலும் சைவர் அனைவர்க்கும் திறந்திருக்கவில்லை. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்களின் பிள்ளைகளுக்குக் குடாநாட்டின் பல பாடசாலைகளில் அனுமதி கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தும் ஏனையோர் வாங்குகளில் அமர, அவர்கள் நிலத்திலேயே இருக்க நேர்ந்தது. இந்நிலையிற் பிறந்ததே மூன்றாவது பாடசாலை. நெல்லியடியை அடுத்து, 1914 ஆம் ஆண்டில், அம்மக்களுள் ஒருவராகிய சூரன் அவர்கள் தேவரையாளி சைவ வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷனின் பணமோ பெருவணிகரின் துணையோ இன்றி எழுந்த முயற்சி அது. தம்மை ஒதுக்கிய சமூகத்தின் சமயத்தை அவர் துறக்கவில்லை; அச்சமயத்தின் பெயராலேயே தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். நாவல்களும் சிறுகதைகளும் படைத்த தெணியான், இப்பாடசாலையிற் பயின்று பின்னர் இங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார்.

அக்காலத்தில் ஒரு வாங்கின் விலை எத்தகையது என்பதை அடுத்து வந்த நிகழ்ச்சிகள் உணர்த்தின. அரசாங்கத்தின் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கவேண்டும் என்ற விதி வந்தபோது, யாழ்ப்பாணத்திற் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. 1930 ஆம் ஆண்டளவிற் பாடசாலைகள் சில தீக்கிரையாயின. பிள்ளைகள் ஒன்றாய் அமர்வதைக் காட்டிலும் பாடசாலை எரிவதே மேல் என்று கருதியவரும் நம்மிடையே இருந்தனர். அக்காலத்திலேயே, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசைச் சேர்ந்த இளைஞர் சம ஆசனத்துக்காகவும் சம போசனத்துக்காகவும் வாதாடினர் என்பதையும் மறத்தலாகாது.

பின்னர் அரசாங்கம் வாயிலை அகலத் திறந்தது. கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்க நிருவாகத்தின்கீழ்க் கொணரும் சட்டம் 1960 இல் நிறைவேறியது. நாம் கண்ட மூன்றும் இன்று அரசாங்கப் பாடசாலைகளே. பாடத்திட்டம் ஒன்று, பாடநூல் ஒன்று, பரீட்சையும் ஒன்று.

ஆயினும் ஒரே பரீட்சையை எழுதுவோர் அனைவரும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவர் அல்லர். தேவரையாளி தொடங்கியபோது ஹாட்லிக் கல்லூரிக்கு எழுபத்தாறு வயது. ஒரு பாடசாலையிலே தந்தையும் பாட்டனும் கற்ற பிள்ளைகள் அமர்ந்திருந்த காலத்தில், மற்றொன்றிலே தம் குலத்தில் முதன்முறையாக ஏடு தொட்ட பிள்ளைகள் அமர்ந்திருந்தனர். இவ்விரண்டையும் பெறுபேற்றுப் பட்டியல் ஒன்றினால் மட்டும் நிறுப்பது நீதியான தராசாகாது.

பாதிரியார் திறந்த கதவில் தம் சமயத்துக்கு இடமில்லை என்று கண்டவர் சைவப் பாடசாலை அமைத்தனர். அங்கும் தமக்கு இடமில்லை என்று கண்டவர் தேவரையாளியை அமைத்தனர். ஒவ்வொரு பாடசாலையும் தனக்கு முந்தியது எவரை வெளியே நிறுத்தியது என்பதற்குச் சாட்சியாய் நிற்கின்றது. ஆகவே, நேயர்களே, உங்கள் ஊர்ப் பாடசாலைகளை ஒப்பிடும்போது, உள்ளே சித்தியெய்தியவரை எண்ணுங்கள். வாயிலுக்கு வெளியே நின்றவர் எவர் என்பதையும் கேளுங்கள். ஊரின் உண்மை வரலாறு அக்கேள்வியின் விடையிலேதான் இருக்கின்றது.