சுமைவரம்பும் இழுவைவரம்பும்

சுமைவரம்பு எனப்படுவது ஒரு வாகனம் தன் மீது ஏற்றிச் செல்லத்தக்க எடையின் உச்ச அளவு ஆகும். இழுவைவரம்பு எனப்படுவது அவ்வாகனம் தனக்குப் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லத்தக்க எடையின் உச்ச அளவு ஆகும். இவை இரண்டும் வெவ்வேறானவை. எனினும் ஒன்றையொன்று பாதிப்பவை. மேலை நாடுகளில் விடுமுறைக்கு மகிழுந்தின் பின்னால் பயண டிரெய்லரை இழுத்துச் செல்வோர் இவ்விரு வரம்புகளையும் பெரிதும் கவனிக்கின்றனர். பயண டிரெய்லர் அரிதாகக் காணப்படும் காவிரிப் படுகையில் இதே கேள்வி டிராக்டருக்கும் அதன் டிரெய்லருக்கும் இடையே எழுகின்றது. காரைக்கால் பகுதியின் வயல்வெளிச் சாலைகளை இக்கட்டுரை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

எடைகளின் பெயர்கள்

வெற்று எடை என்பது சுமை ஏதும் இல்லாத வாகனத்தின் எடை. மொத்த வாகன எடை என்பது வாகனமும் அதன் சுமையும் சேர்ந்து இருக்கத்தக்க எடை என்று பதிவு அதிகாரி சான்றளித்த அளவு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் சுமைவரம்பு கிடைக்கும். இழுக்கும் வாகனம், இழுக்கப்படும் வாகனம், இரண்டிலும் உள்ள ஆட்கள், பொருட்கள் அனைத்தும் சேர்ந்தது கூட்டெடை ஆகும். டிரெய்லரின் முன்முனை, இழுக்கும் வாகனத்தின் கொக்கி மீது கீழ்நோக்கி அழுத்தும் எடை கொக்கிச் சுமை. ஒவ்வோர் அச்சின் மீதும் விழும் எடை அச்சுச் சுமை.

மேற்கண்ட ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. இவற்றுள் எது முதலில் எட்டப்படுகிறதோ அதுவே அவ்வண்டியின் உண்மையான வரம்பு. விற்பனை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் எண் பெரும்பாலும் அதுவாக இருப்பதில்லை.

ஒரே பெட்டி, மூன்று சுமைகள்

காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் வங்காள விரிகுடாவும் இதனைச் சூழ்ந்துள்ளன. அரசலாறு, திருமலைராசன் ஆறு முதலிய காவிரியின் கிளைகள் இங்கு கடலில் கலக்கின்றன. நிலம் ஏறத்தாழச் சமதளம். ஏற்ற இறக்கம் என்று சொல்லத்தக்கவை ஆற்றுக் கரைகளும், வாய்க்கால் பாலங்களின் இரு பக்கச் சரிவுகளுமே.

இச்சாலைகளில் செல்லும் ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பெட்டி 3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் உயரம் கொண்டது எனவும், வெற்று எடை 1500 கிலோ எனவும் கொள்க. பெட்டியின் கொள்ளளவு 3.24 கன மீட்டர்.

சம்பா அறுவடையின்போது இயந்திரத்திலிருந்து நேரே கொட்டப்படும் நெல்லின் எடை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 560 கிலோ. பெட்டி விளிம்பு வரை நிறைந்தால் 1.8 டன் ஆகும். 40 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் இது 45 மூட்டை. டிரெய்லருடன் சேர்த்து 3.3 டன். ஈரம் மிகுந்த நெல்லானால் இன்னும் சற்றுக் கூடும்.

அதே பெட்டியில் ஈர ஆற்றுமணலை விளிம்பு வரை நிரப்பினால், கன மீட்டருக்கு 1800 கிலோ என்ற கணக்கில், மணல் மட்டுமே 5.8 டன். டிரெய்லருடன் சேர்த்து 7.3 டன். கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவுதான். எடையோ இரு மடங்குக்கும் மேல். பெட்டி நிறைந்ததா என்பதைக் கொண்டு சுமையை மதிப்பிடும் வழக்கம் இங்குதான் பொய்த்துப் போகிறது.

மூன்றாவது சுமை வைக்கோல். விளிம்புக்கு மேல் எத்தனை அடுக்கு ஏற்றினாலும் எடை வரம்பைத் தாண்டுவது கடினம். ஆனால் உயரம் கூடக்கூட ஈர்ப்பு மையம் மேலே செல்வதால், குறுகிய கரைச் சாலையில் ஒரு சக்கரம் ஓரத்து மண்ணில் இறங்கினாலே வண்டி கவிழ வாய்ப்புண்டு. எனவே எடைமேடையில் தேறும் வண்டி பாதுகாப்பானது என்றும் கூறிவிட முடியாது.

இழுக்கும் திறனும் நிறுத்தும் திறனும்

டிராக்டர் வாங்குவோர் முதலில் கேட்பது எத்தனை குதிரைத்திறன் என்பதே. இழுவைவரம்பைப் பொருத்தவரை இக்கேள்வி அவ்வளவாகப் பயன்படுவதில்லை. சமதளத் தார்ச்சாலையில் உருளும் சக்கரத்தின் தடை, எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே என்று கொள்ளலாம். 2 டன் டிராக்டரும் மேற்கூறிய 7.3 டன் மணல் டிரெய்லரும் சேர்ந்த 9.3 டன்னை நகர்த்த, 280 கிலோ எடைக்கு நிகரான விசை போதும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் இதற்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 25 குதிரைத்திறன். 45 குதிரைத்திறன் டிராக்டர் இதைத் திணறாமல் செய்யும். தாழ்ந்த கியரில் பாலச் சரிவிலும் ஏறிவிடும். மிகைச்சுமையை ஓட்டுநர் உணராமல் போவதற்கு இதுவே காரணம்.

நிறுத்துவது வேறு கணக்கு. பல டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே உள்ளது. வேளாண் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே இல்லை. ஆகவே முழுக் கூட்டெடையையும் நிறுத்துவது டிராக்டரின் இரண்டு பின்சக்கரங்கள் சாலையைப் பற்றும் பிடிப்பு மட்டுமே. அப்பிடிப்பு பின்னச்சின் மீதுள்ள எடையைப் பொருத்தது.

டிராக்டரின் 2000 கிலோவில் 1200 கிலோ பின்னச்சில் விழுகிறது எனவும், உலர்ந்த தார்ச்சாலையின் உராய்வுக் கெழு 0.6 எனவும், கொக்கிச் சுமை டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு எனவும் கொண்டால், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தபின் டிராக்டர் மட்டும் ஏறத்தாழ 7 மீட்டரில் நிற்கும். நெல் டிரெய்லருடன் 13 மீட்டர் ஆகும். மணல் டிரெய்லருடன் 18 மீட்டர். வேகம் 40 கிலோமீட்டராக உயர்ந்தால் மணல் வண்டி நிற்க 45 மீட்டர் வேண்டும். மழையில் பிடிப்பு பாதியாகக் குறைந்தால் 90 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து காலை வைக்கும் வரை கடக்கும் தொலைவு இதில் சேராது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் பின்சக்கரப் பிடிப்பு மேலும் குறையும். ஆகவே இவை நல்வாய்ப்பான எண்களே. இத்துடன், பின்னாலிருந்து தள்ளும் டிரெய்லர் டிராக்டரைப் பக்கவாட்டில் மடக்கிவிடவும் கூடும்.

டிரெய்லருக்குத் தனி பிரேக் பொருத்தினால் மேற்கண்ட கணக்கு முற்றிலும் மாறும். குதிரைத்திறனுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவிடுவது அறிவுடைமை.

கொக்கிச் சுமை

ஒற்றை அச்சு டிரெய்லரில் சுமையை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொருத்துக் கொக்கிச் சுமை மாறும். முன்னும் பின்னும் அச்சு உள்ள நான்கு சக்கர டிரெய்லரில் இது மிகக் குறைவு.

கொக்கி, டிராக்டரின் பின்னச்சுக்குப் பின்னால் அமைந்துள்ளது. எனவே கொக்கி மீது விழும் எடை பின்னச்சை அழுத்துவதோடு, நெம்புகோல் போல முன்னச்சைத் தூக்கவும் செய்கிறது. அச்சுகளுக்கு இடையே 2 மீட்டரும், பின்னச்சிலிருந்து கொக்கிக்கு 0.6 மீட்டரும் இருப்பின், மணல் டிரெய்லரின் 730 கிலோ கொக்கிச் சுமை முன்னச்சிலிருந்து ஏறத்தாழ 220 கிலோவைக் குறைத்துவிடும். முன்னச்சில் இருந்த 800 கிலோ 580 ஆகும். பத்துக்கு ஒன்று என்ற சரிவுள்ள பாலத்தில் ஏறும்போது, 0.5 மீட்டர் உயரத்தில் உள்ள கொக்கியின் இழுப்பும் டிராக்டரின் சொந்த எடைச் சாய்வும் சேர்ந்து மேலும் 260 கிலோ அளவைக் குறைக்கும். எஞ்சுவது 320 கிலோ. ஸ்டியரிங் திருப்பினாலும் சக்கரம் சரியாகத் திரும்பாது. மணலைப் பெட்டியின் முன்பக்கமே குவித்துக் கொக்கிச் சுமை 1500 கிலோவை நெருங்கினால், முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும் நிலை வரும்.

மாறாகச் சுமை பின்பக்கம் அதிகமானால் கொக்கி மேல்நோக்கி இழுக்கப்படும். பின்சக்கரப் பிடிப்புக் குறையும். வேகத்தில் டிரெய்லர் இடவலமாக ஆடத் தொடங்கும்.

சாலைக்கு நேரும் தேய்வு

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து, சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் படிக்கு ஏற்ப உயர்கிறது என்ற விதி பெறப்பட்டது. இதன்படி மேற்கூறிய மணல் டிரெய்லரின் அச்சு, நெல் டிரெய்லரின் அச்சைப்போல் ஏறத்தாழ 24 மடங்கு தேய்வை உண்டாக்கும். அதாவது 24 நடை நெல்லும் ஒரு நடை மணலும் சாலைக்கு ஒன்றே. ஆண்டில் சில மாதங்கள் நீரில் ஊறிக் கிடக்கும் களிமண் மீது அமைந்த சாலைகளில் இது விரைவில் புலப்படும்.

சட்டம்

காரைக்காலின் டிராக்டர் திருநள்ளாறு, அம்பகரத்தூர் வழியாகப் பேரளம் சென்றால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. பதிவெண் பிஒய்-02 என்று தொடங்கும் வண்டிகளும் டிஎன்-51, டிஎன்-82 வண்டிகளும் ஒரே சாலையில் ஓடுகின்றன. வரியும் சோதனை அலுவலரும் எல்லையில் மாறலாம். எடை வரம்பு மாறாது. அது ஒன்றிய அரசின் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்பாற்பட்டது.

அச்சட்டத்தின் 113 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் குறித்த மொத்த வாகன எடையை மீறி மோட்டார் வாகனத்தையோ டிரெய்லரையோ ஓட்டுவதைத் தடை செய்கிறது. 61 ஆம் பிரிவின்படி டிரெய்லரும் தனியே பதிவு செய்யப்பட வேண்டும். இழுக்கும் வாகனத்தின் பதிவெண்ணும் டிரெய்லரில் எழுதப்பட வேண்டும். 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி 194 ஆம் பிரிவில் மிகைச்சுமைக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம். அதற்கு முன் இவை முறையே 2,000, 1,000 ரூபாயாக இருந்தன. பக்கவாட்டிலோ உயரத்திலோ அளவு மீறி நீட்டிய சுமைக்கும் 20,000 ரூபாய் உண்டு. வைக்கோல் வண்டிகளுக்கு இது பொருந்தும். எடை போட மறுத்தால் 40,000 ரூபாய். 114 ஆம் பிரிவின்படி, மிகைச்சுமை உறுதியானால் அதை இறக்கிய பின்னரே வண்டியை எடுத்துச் செல்ல அலுவலர் ஆணையிடலாம்.

லாரிகளின் வரம்பு 2018 சூலையில் உயர்த்தப்பட்டது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், மூன்று அச்சு லாரியினது 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் ஆயின. 2009 இல் வாஞ்சூர் அருகே தொடங்கப்பட்ட காரைக்கால் துறைமுகத்தின் சரக்கை ஏற்றும் லாரிகளுக்கும் இவ்வரம்புகளே பொருந்தும்.

டிராக்டர் ஓட்டும் உரிமம் உடையவர், டிரெய்லர் இணைத்த காரணத்தாலேயே உரிமம் அற்றவராகிவிட மாட்டார் என்று 2001 இல் நாகசெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வேளாண் டிரெய்லர் ஆட்களை ஏற்றுவதற்குரியது அன்று. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் அதில் ஆட்களை ஏற்றிச் செல்வது நாடெங்கும் காணப்படுகிறது. 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்று திரும்பியோரை ஏற்றி வந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், இறந்தனர்.

பயண டிரெய்லர்கள்

கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் வாகனத்தின் கதவுச் சட்டத்தில் ஆட்களும் பொருட்களும் சேர்ந்து இவ்வளவு எடையைத் தாண்டக்கூடாது என்று ஒரு வில்லை ஒட்டப்பட்டிருக்கும். பலரும் தவறவிடுவது, கொக்கிச் சுமையும் இவ்வெடையில் அடங்கும் என்பதையே. எ.கா: வில்லையில் 650 கிலோ என்றிருக்க, ஐவரின் எடை 350, பெட்டி படுக்கை 100 எனில் எஞ்சுவது 200 கிலோ. அங்கு பரிந்துரைக்கப்படும் கொக்கிச் சுமை டிரெய்லர் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை. எனவே இழுக்கத்தக்கது மிகுந்தால் 2000 கிலோவே. கையேடு 3000 கிலோ இழுக்கும் என்று கூறினாலும் குடும்பம் ஏறியபின் அவ்வெண் செல்லாது.

எடைமேடையில் அளத்தல்

கொக்கிச் சுமையை அளக்கத் தனிக்கருவி தேவையில்லை. முதலில் டிராக்டரைத் தனியே எடைமேடையில் நிறுத்தி எடை குறிக்க வேண்டும். பின்னர் சுமை ஏற்றிய டிரெய்லரை இணைத்து, டிராக்டர் மட்டும் மேடை மீதும் டிரெய்லரின் சக்கரங்கள் மேடைக்கு வெளியேயும் சமதளத்தில் இருக்குமாறு நிறுத்தி எடை குறிக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கொக்கிச் சுமை. பின்னர் டிரெய்லரின் சக்கரங்களை மட்டும் மேடை மீது ஏற்றினால் அதன் அச்சுச் சுமை கிடைக்கும். இத்துடன் கொக்கிச் சுமையைக் கூட்டியது டிரெய்லரின் மொத்த எடை. இதைப் பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணோடும், அச்சுச் சுமையை டயரின் பக்கவாட்டில் பொறித்துள்ள தாங்குதிறனோடும் ஒப்பிட வேண்டும்.