அச்சமும் அசட்டையும்
கருப்பைவாய்ச் சோதனை கற்பித்த பாடம்

மருத்துவமனையிலிருந்து ஒரு தாள் வருகிறது. 'இயல்புக்கு மாறான உயிரணுக்கள் காணப்படுகின்றன' என்று அதில் ஒரு வரி. அதைக் கண்ட மாத்திரத்தில் ஒருத்தியின் உள்ளம் புற்றுநோயை எண்ணி நடுங்குகிறது. வேறொருத்தியோ, நோவில்லை, குருதிப் போக்கில்லை, ஆதலின் நோயுமில்லை என்று தாளை மடித்து வைத்துவிடுகிறாள். இருவர் கொண்ட முடிவும் பிழையே. அவ்வொரு வரியின் பொருளைச் சரிவர அறிந்துகொள்ள மருத்துவ உலகிற்கே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பிடித்தன. அவ்வறிவைப் பெறுமுன் சில பெண்கள் தம் உயிரையும் இழக்க நேர்ந்தது.

கிரேக்க அறிஞரின் முயற்சி

ஜார்ஜ் பாப்பனிக்கோலா 1883 இல் கிரேக்க நாட்டின் யூபியாத் தீவிலுள்ள கைமி என்னும் ஊரில் பிறந்தவர். 1913 இல் அமெரிக்கா சென்றடைந்த அவர், பின்னர் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சிப் பணியில் அமர்ந்தார். கினிப்பன்றி எனப்படும் சிறு விலங்கின் பிறப்புறுப்புக் கசிவைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் ஆராய்வது அவர் கண்ட முறை. அம்முறையையே பின்பு பெண்களிடத்தும் கையாண்டார். அவருடைய துணைவியார் ஆந்திரமாக்கி அம்மையார் பல்லாண்டுகள் தம்மையே அச்சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு கணவருக்குத் துணை நின்றார்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் கொண்ட பெண்களின் கசிவில் உருக்குலைந்த உயிரணுக்கள் தென்படுவதைக் கண்ட பாப்பனிக்கோலா, 1928 இல் மிச்சிகன் மாநிலத்தில் கூடிய மாநாடொன்றில் அதனை அறிவித்தார். ருமேனிய நாட்டில் அவுரேல் பாபேஷ் என்பாரும் ஏறத்தாழ அதே காலத்தில், தனித்து நின்று இவ்வுண்மையைக் கண்டிருந்தார். ஆயினும் உலகம் இருவருக்கும் அன்று செவி சாய்க்கவில்லை. ஹெர்பர்ட் டிராட் என்னும் மருத்துவருடன் சேர்ந்து பாப்பனிக்கோலா 1941 இல் கட்டுரையும் 1943 இல் நூலும் வெளியிட்ட பின்னரே அறிஞருலகம் விழித்துக்கொண்டது. அவர் பெயரின் முதற்பகுதியைக் கொண்டு அஃது இன்று 'பாப் சோதனை' என வழங்குகிறது.

சோதனை முடிவுகளை அவர் ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார். முதல் வகுப்பு இயல்பான நிலை. ஐந்தாம் வகுப்பு உறுதியான புற்றுநோய். இவ்விரண்டையும் பற்றி எவர்க்கும் ஐயமில்லை. இடையிலுள்ளவற்றை என் செய்வது என்பதே கேள்வி. உயிரணுக்கள் புற்றின் தோற்றத்தைப் பெற்றுவிட்டன. எனினும் மேற்படலத்தைக் கடந்து உட்புகவில்லை. இந்நிலை நாளடைவில் புற்றாகுமா, ஆகாதா? ஆகுமெனின் கருப்பை வாயைக் கூம்பு வடிவில் வெட்டியெடுக்க வேண்டும்; அந்நாளில் கருப்பையையே அகற்றியவரும் உண்டு. ஆகாதெனின் இத்துணைத் துன்பம் வீண்.

ஆக்லாந்தில் நடந்தது

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், தேசிய மகளிர் மருத்துவமனையில் பணியாற்றிய பேராசிரியர் ஹெர்பர்ட் கிரீன், ஆகாது என்று நம்பினார். மகப்பேறு பெறவேண்டிய இளம் பெண்களைத் தேவையற்ற அறுவையினின்று காக்க வேண்டும் என்ற எண்ணமும் அவரிடம் இருந்தது. நோக்கம் நல்லதே; நம்பிக்கை தவறானது. 1966 இல் மருத்துவமனைக் குழு அவருடைய திட்டத்திற்கு இசைவளித்தது. அதன்படி, மாறிய உயிரணுக்கள் கொண்ட பெண்கள் பலர் முழுச் சிகிச்சையின்றி ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்பட்டு மட்டும் வந்தனர். தாங்கள் ஓர் ஆராய்ச்சிக்கு உள்ளாகியிருப்பதை அவர்கள் அறியார்.

உடன் பணியாற்றிய மாக்கிண்டோ, மாக்லீன் ஆகிய மருத்துவர்கள் ஆபத்தை உணர்ந்து எடுத்துரைத்தனர், பயனில்லை. தாம் கண்டவற்றை வேறிருவருடன் சேர்ந்து 1984 இல் அவர்கள் கட்டுரையாக வெளியிட்டனர். 1987 இல் சாண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்னும் இரு பெண்மணிகள் இதனை ஒரு திங்களிதழில் எழுதவே, நாடே அதிர்ந்தது. அரசு விசாரணைக்கு ஆணையிட்டது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் அம்மையார் 1988 இல் அளித்த அறிக்கை, பல பெண்களுக்குத் தக்க சிகிச்சை அளிக்கப்படவில்லை என்று தெளிவுபடுத்தியது. அவ்வறிக்கையின் பயனாக 1990 இல் நாடு தழுவிய சோதனைத் திட்டமும், 1996 இல் நோயாளர் உரிமை விதிகளும் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தன.

அப்பெண்களின் நிலையை மீண்டும் கணக்கிட்ட ஆய்வு 2008 இல் வெளிவந்தது. சோதனைக்காகச் சிறு துணுக்கு எடுத்ததோடு விடப்பட்டவர் 143 பேர். முப்பது ஆண்டுகளில் அவர்களுள் நூற்றுக்கு 31 பேர் என்ற அளவில் புற்றுநோய் கண்டது. தக்க சிகிச்சை பெற்ற 593 பேரிடையே அது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டவில்லை.

இக்கணக்கு இரு உண்மைகளை உணர்த்துகிறது. முற்றிய மாற்றத்தை அசட்டை செய்தால் மூவரில் ஒருவருக்கு ஆபத்து. எனினும் அந்த ஆபத்து ஓரிரவில் வருவதன்று, பல்லாண்டுகளில் வளர்வது. இடைப்பட்ட அக்காலத்தில் தடுத்துவிட்டால் ஏறக்குறைய முற்றிலும் தப்பலாம்.

அடுத்து நிகழ்வது

இம்மாற்றத்தின் காரணம் பின்னர்த் தெளிவாயிற்று. ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன், பாப்பிலோமா வைரஸ் வகைகளுள் 16 ஆம் வகையை 1983 இலும் 18 ஆம் வகையை 1984 இலும் கருப்பைவாய்ப் புற்றில் இனங்கண்டார். அதற்காக 2008 இல் நோபெல் பரிசும் பெற்றார். உடலுறவால் பரவும் இவ்வைரஸ் பெரும்பாலோரை ஏதேனும் ஒரு காலத்தில் தொற்றுவது. பெரும்பாலும் உடலே அதனை விரட்டிவிடும். ஆதலின் தொற்றுக் கண்டது என்பது ஒழுக்கக் குறைவுக்குச் சான்றாகாது. வெட்கி மறைக்க வேண்டியதும் இல்லை.

எனவே, சிறு மாற்றமாயின் வைரஸ் சோதனையோ குறித்த காலத்தில் மறு சோதனையோ செய்வர். பல மாற்றங்கள் தாமே மறைந்துவிடும். வைரஸ் நீங்காதிருப்பினும் மாற்றம் மிகுந்திருப்பினும், ஜெர்மனியில் ஹான்ஸ் ஹின்செல்மன் 1925 அளவில் அமைத்த கால்போஸ்கோப் என்னும் உருப்பெருக்கும் கருவி துணைக்கு வருகிறது. புளிக்காடி போன்ற அமிலத்தைக் கருப்பைவாயில் தடவினால் மாறிய இடம் வெளுத்துக் காட்டும். அவ்விடத்திலிருந்து திசுத் துணுக்கெடுத்துச் சோதிப்பர். முற்றிய மாற்றம் உறுதியானால், மின்னால் சூடேறிய கம்பி வளையத்தைக் கொண்டு அப்பகுதியை மட்டும் அகற்றிவிடுவர். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். கருப்பை அப்படியே இருக்கும். அதன் பின்னரும் சில ஆண்டுகள் சோதனை தொடரும்.

மலேசியாவில் 2010 இலும் சிங்கப்பூரில் 2019 இலும் பள்ளி மாணவியர்க்கு இவ்வைரசுக்கு எதிரான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. எல்லா வகைகளையும் தடுப்பூசி தடுப்பதில்லையாதலால், அதனைப் போட்டுக்கொண்டவர்க்கும் சோதனை வேண்டும்.

ஆக்லாந்துப் பெண்களுக்குத் தம் முடிவின் பொருளை எவரும் விளக்கவில்லை. இன்று அவ்விளக்கத்தைக் கேட்டுப் பெறும் உரிமை பெண்களுக்கு உண்டு. முடிவுத் தாளைக் கண்டு அஞ்சி ஒளியாமலும், அசட்டையாய் மடித்து வையாமலும், குறித்த நாளில் மருத்துவரிடம் சென்று, 'இது எந்நிலை? அடுத்து என்ன?' என்று கேட்டறிவதே அறிவுடைமை.