மரக் கேடயமும் தென்கோடி மாகாணமும்



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஓய்வு நாளில் மக்கள் எங்கே கூடினார்கள், எதைக் கண்டு ஆரவாரம் செய்தார்கள் என்பதும் வரலாற்றின் பகுதியே ஆகும். இதற்கு நல்லதொரு சான்று, நியூசிலாந்தின் தென்கோடியிலுள்ள சவுத்லாந்து மாகாணத்தின் ரக்பி அணி.

ரக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கொண்டு, அணிக்குப் பதினைந்து பேராக ஆடப்படும் ஆட்டம். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். காலால் முன்னே உதைக்கலாம். கையால் முன்னோக்கி எறிதல் மட்டும் கூடாது. தோழனுக்குப் பந்தைக் கொடுக்க வேண்டுமாயின் பின்புறமாகவோ பக்கவாட்டிலோதான் கொடுக்கலாம். ஆகவே தனி ஒருவனின் வேகத்தைவிடப் பதினைந்து பேரின் ஒற்றுமையே இங்கு வெற்றி தருவது.

1870-ஆம் ஆண்டு நெல்சன் நகரில் நியூசிலாந்தின் முதல் ரக்பிப் போட்டி நடைபெற்றது. சில ஆண்டுகளிலேயே ஆட்டம் நாடெங்கும் பரவியது. மாகாணந்தோறும் சங்கங்கள் தோன்றின. சவுத்லாந்துச் சங்கம் 1887-இல் அமைந்தது. 1892-இல் நாடு முழுவதற்குமான சங்கம் நிறுவப்பட்டபோது, தெற்கே இருந்த கேன்டர்பரி, ஒட்டாகோ, சவுத்லாந்து ஆகிய மூன்றும் உடனே அதில் சேர மறுத்தன. தலைமை வட தீவிலுள்ள வெலிங்டனுக்குச் சென்றால் தம் உரிமை குன்றிவிடும் என அஞ்சின. 1895-க்குள் அவை இணைந்தன. மாகாணப் பற்று எத்துணை ஆழமானது என்பதை இதிலிருந்து அறியலாம்.

அப்பற்றுக்கு ஒரு சின்னம் கிடைத்தது 1902-இல். அன்றைய ஆளுநர் ரான்ஃபர்லி பிரபு ஒரு கேடயத்தைப் பரிசாக அளித்தார். வந்து சேர்ந்த கேடயத்தில் கால்பந்தாட்டக் காட்சியே பொறிக்கப்பட்டிருந்ததால், அதை ரக்பிக்கு ஏற்ப மாற்ற வேண்டியதாயிற்று. அதனை முதலில் பெற்றது ஆக்லாந்து அணி. 1904-இல் வெலிங்டன் அறைகூவல் விடுத்து வென்று, கேடயத்தைக் கைக்கொண்டது.

நம் பள்ளிகளில் வழங்கும் சுழற்கேடயம் ஆண்டு முடிவில் முதலிடம் பெற்றவர்க்கு உரியது. ரான்ஃபர்லி கேடயம் அவ்வாறானதன்று. அதை வைத்திருக்கும் அணியை அதன் சொந்தத் திடலிலேயே சென்று ஒரே ஆட்டத்தில் வெல்ல வேண்டும். ஆட்டம் சமனாக முடிந்தால் கேடயம் இடம் பெயராது. எனவே, சிறிய மாகாணமாயினும் ஒரே நாளில் பெரிய மாகாணத்தை வீழ்த்திப் புகழ் பெற வழியுண்டு. மக்கள் இதனை அன்போடு 'மரக்கட்டை' என்றே அழைக்கின்றனர்.

சவுத்லாந்து சிறிய மாகாணம். ஆட்டு மந்தைகளும் பால் பண்ணைகளும் மிகுந்த குளிர்நாடு. அதன் தலைநகரம் இன்வர்கார்கில். அந்நகரில் செருப்புத் தைக்கும் தொழில் செய்த பில்லி ஸ்டெட் என்பவர், 1905-இல் பிரிட்டன் சென்று பெரும்புகழ் ஈட்டிய நியூசிலாந்து அணியின் துணைத் தலைவராக விளங்கினார். 1920-இல் சவுத்லாந்து வெலிங்டனை வென்று முதன்முறையாகக் கேடயம் பெற்றது. 1938-இல் ஒட்டாகோவிடமிருந்து அதை மீட்டது. பின்னர் இரண்டாம் உலகப் போர் மூண்டு, கேடயப் போட்டிகள் நின்றன. கேடயம் 1947 வரை தெற்கிலேயே தங்கிற்று. 1950-இலும் 1966-இலும் சுற்றுப்பயணம் வந்த பிரிட்டிஷ் லயன்ஸ் அணியையும் சவுத்லாந்து தோற்கடித்தது.

1959-இல் தாரனாக்கியை வென்று பெற்ற கேடயத்தை அவ்வாண்டே ஆக்லாந்திடம் இழந்தது. அதன்பின் காலம் மாறியது. 1976-இல் தேசிய மாகாணப் போட்டி தொடங்கி, ஆண்டு முழுமைக்குமான தரவரிசை வந்தது. 1995-இல் ரக்பி ஊதியம் பெறும் ஆட்டமாயிற்று. மறு ஆண்டு பெருநகரங்களை மையமாகக் கொண்ட ஐந்து தொழில்முறை அணிகள் அமைந்தன. சவுத்லாந்து வீரர்கள் டனீடின் நகரை மையமாகக் கொண்ட ஹைலாண்டர்ஸ் அணிக்கு உரியவராயினர். பணமும் மக்கள்தொகையும் மிகுந்த இடங்களுக்கே சிறந்த வீரர்கள் சென்றனர். 2006-இல் பதினான்கு மாகாணங்கள் மேல்நிலைப் போட்டிக்கும் பன்னிரண்டு மாகாணங்கள் வேறு போட்டிக்கும் பிரிக்கப்பட்டன. சவுத்லாந்து மேல்நிலையில் இடம் பெற்றது. எனினும், 1976 முதல் 2024 வரை தேசியப் பட்டத்தை அது ஒருமுறையும் வென்றதில்லை.

அப்படியாயின் அம்மாகாணத்துக்கு எஞ்சியது யாது? அந்த மரக்கட்டைதான். 2009 அக்டோபர் 22 அன்று, ஜேமி மெக்கின்டாஷ் தலைமையில், சவுத்லாந்து அணி கிறைஸ்ட்சர்ச் நகரில் கேன்டர்பரியை 9-3 என்ற கணக்கில் வென்றது. இரு தரப்பிலும் ஒரு 'டிரை' கூட இல்லை. உதைகளால் கிடைத்த புள்ளிகளே வெற்றியைத் தீர்மானித்தன. ஐம்பது ஆண்டுக் காத்திருப்பு முடிவுற்றது. கேடயம் வந்தபோது இன்வர்கார்கில் நகரமே வீதியில் திரண்டது. தந்தையர் சொல்லக் கேட்டிருந்ததை மக்கள் கண்ணாரக் கண்டனர். அடுத்த ஆண்டே கேன்டர்பரி அதனை மீட்டுக்கொண்டது. 2011-இல் சவுத்லாந்து மறுபடியும் வென்று, அவ்வாண்டே தாரனாக்கியிடம் இழந்தது.

நண்பர்களே, தரவரிசை பல மாத வலிமையை அளக்கும். அதில் பெரிய ஊர்களே முந்துவது இயல்பு. ஆனால், சிறியவனும் பெரியவனை ஒருநாள் எதிர்த்து நிற்கலாம் என்னும் வழக்கத்தை ஒரு நாடு நூறாண்டுக்கு மேலாகக் காத்து வந்துள்ளது. அந்த வாயிலை அடைத்துவிட்டால், சிறிய ஊர்களின் இளைஞர்க்கு ஆடுவதற்கு ஊக்கம் எங்கிருந்து வரும்? இக்கேள்வி விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை நீங்களே எண்ணிப் பார்த்து அறிந்துகொள்வீர்கள்.